வரைபடம் முடிந்தபின் சேர்ந்த பங்காளி: சுகோய் ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத் திட்டமும் பெங்களூரும்

ரஷ்யாவுடன் சேர்ந்து ஐந்தாம் தலைமுறைப் போர் விமானம் உருவாக்கும் திட்டத்திலிருந்து இந்தியா 2018இல் விலகிக்கொண்டது. இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ரேடாரிலிருந்து மறையும் திறன் அந்த விமானத்துக்குப் போதாது என்பது ஒன்று. விலை கட்டுப்படியாகவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இவை விளைவுகள் மட்டுமே என்பது என் வாதம். பெங்களூரின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். இத்திட்டத்துக்குள் நுழைந்த நேரத்திலேயே அதன் முடிவு பெருமளவு எழுதப்பட்டுவிட்டது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். எதிர்காலப் போர் விமானத்தை வடிவமைக்கும் பொறுப்பை மிக் நிறுவனத்துக்குத் தராமல் சுகோய்க்கு ரஷ்யா அளித்தது 2002இல். இந்திய-ரஷ்ய அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம் கையெழுத்தானது 2007 அக்டோபரில். டி-50 என்ற முதல் மாதிரி விமானம் கோம்சோமோல்ஸ்க்கில் பறந்தது 2010 ஜனவரி 29 அன்று. எச்.ஏ.எல். பங்கேற்ற முதற்கட்ட வடிவமைப்பு ஒப்பந்தமோ 2010 டிசம்பரில்தான் கையெழுத்தானது. அதன் மதிப்பு 29.5 கோடி டாலர். அதாவது, விமானம் வானில் ஏறி ஏறக்குறைய பதினொரு மாதங்கள் கழிந்த பிறகுதான் வடிவமைப்பில் பங்குபெற இந்தியா பணம் கட்டியது. முழு உருவாக்கச் செலவில் சரிபாதியை ஏற்பது என்பது பேச்சு. முடிவெடுக்கும் இடத்தில் சரிபாதி என்பது அந்தத் தேதியில் சாத்தியமே இல்லை.

மற்ற விமானங்களில் இந்தத் தாமதம் இவ்வளவு கேடு செய்யாது. ரேடாரிலிருந்து மறையும் ஸ்டெல்த் விமானத்தில் செய்யும். ரேடார் அலையைத் திருப்பியனுப்பாத தன்மையில் பெரும்பகுதி உருவத்திலிருந்து பிறப்பது. மேற்பூச்சு அதற்குப் பிறகுதான். இறக்கை விளிம்புகள் எந்தக் கோணத்தில் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும், ஏவுகணைகள் உடலுக்குள் எங்கே ஒளிந்திருக்கும், காற்று உறிஞ்சும் குழாய் எஞ்சினின் முன்விசிறியை ரேடாரின் பார்வையிலிருந்து எப்படி மறைக்கும் என்பதெல்லாம் முதல் கோட்டிலேயே தீர்மானமாக வேண்டியவை. அமெரிக்க எஃப்-22 விமானத்தில் அந்தக் குழாய் வளைந்து செல்கிறது. எதிரே நிற்கும் ரேடாருக்கு விசிறி தெரியாது. சுகோய் பொறியாளர்கள் எஞ்சின்களை அகலமாகப் பிரித்து வைத்து, நடுவில் ஆயுத அறைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார்கள். குழாயின் வளைவு குறைந்தது. விசிறியை மறைக்கக் குழாய்க்குள் தனித் தடுப்பு அமைப்பு தேவைப்பட்டது. சுகோய் வெளியிட்ட காப்புரிமை ஆவணமே இவ்விமானத்தின் சராசரி ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பை 0.1 முதல் 1 சதுர மீட்டர் என்று குறிப்பிடுகிறது. எஃப்-22க்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்போடு ஒப்பிட்டால் இது பல மடங்கு பெரிது.

இதை ரஷ்யரின் இயலாமை என்று எழுதுவது நியாயமாகாது. தொலைதூரம் பறப்பதும், நெருங்கிய சண்டையில் வளைந்து திரும்புவதும், பெரிய ஆயுதங்களை உள்ளேயே சுமப்பதும் அவர்களுக்கு முதன்மையாக இருந்தன. அவர்களுடைய வான்வெளிக்கு அந்தத் தேர்வு பொருந்தும். நம் விமானப்படை கேட்டது வேறு: முழுமையான மறைவு, மேம்பட்ட எஞ்சின், தொடக்கத்தில் இரட்டை இருக்கையும்கூட. இவற்றில் சில 2002இலோ 2004இலோ மேசைக்கு வந்திருக்க வேண்டிய கோரிக்கைகள். பறந்துவிட்ட விமானத்தில் அவற்றைப் புகுத்துவதைவிடப் புதிய விமானமே வரைந்துவிடலாம்.

எஞ்சின் கதை இன்னும் கசப்பானது. டி-50 பறந்தது சுகோய்-35 வரிசை எஞ்சினோடு உறவுடைய ஏஎல்-41எஃப்1 என்ற இடைக்கால எஞ்சினில். அடுத்த தலைமுறை எஞ்சின் பொருத்தப்பட்ட மாதிரி முதன்முறை பறந்தது 2017 டிசம்பரில். இந்தியா விலகுவதற்குச் சில மாதங்கள் முன்பு. அதற்கிடையே 2014 ஜூனில் ஜுகோவ்ஸ்கி தளத்தில் தரையிறங்கிய ஐந்தாவது மாதிரியின் எஞ்சின் பகுதியில் தீப்பிடித்தது. 2019 டிசம்பரில், படையிடம் ஒப்படைக்கப்படவிருந்த முதல் தொடர் உற்பத்தி விமானம் விழுந்து நொறுங்கியது. பிறகு 2020 இறுதியில்தான் முதல் விமானம் ரஷ்யப் படையில் சேர்ந்தது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சுகோய்-30 எம்கேஐ போர் விமானம், பிரம்மோஸ் ஏவுகணை இரண்டிலும் இந்தியா தாமதமாகத்தானே நுழைந்தது. அவை வெற்றி பெறவில்லையா? பெற்றன. ஆனால் அவற்றின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடிந்தது. சுகோய்-30இன் உடலை ரஷ்யா தந்தது. பிரெஞ்சு, இஸ்ரேலியக் கருவிகளையும் இந்தியக் கணினிகளையும் அதற்குள் நாம் பொருத்தினோம். பிரம்மோஸில் உந்துவிசை அவர்களுடையது, வழிநடத்தும் அமைப்பில் பெரும்பங்கு நம்முடையது. ஸ்டெல்த் விமானத்தில் அப்படிப் பிரிப்பது கடினம். அலைவாங்கி தோலோடு சேர்ந்தது. தோல் உருவத்தோடு சேர்ந்தது. உருவம் எஞ்சினின் காற்றுத் தேவையோடு சேர்ந்தது. ஒரு முனையில் பிந்தியவன் எல்லா முனையிலும் பிந்தியவன்.

இன்னொரு மறுப்பு பெங்களூரிலிருந்தே வந்தது. சோதனைப் பறப்புத் தரவுகளும் தொழில்நுட்பமும் கிடைக்கும் என்பதால் திட்டத்தைத் தொடர வேண்டும் என எச்.ஏ.எல். தலைமை வெளிப்படையாக வாதிட்டது. ஏர் மார்ஷல் (ஓய்வு) எஸ். வர்தமான் தலைமையிலான குழுவும் 2017இல் தொடர்வதற்கு ஆதரவான கருத்தைத் தந்ததாகவே செய்திகள் வெளியாயின. இந்த வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். மறைவுத் திறனை வானில் அளக்கும் அனுபவம் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. ஆனால் அதற்கு நாம் தர வேண்டியிருந்த விலை சில நூறு கோடி டாலர்கள். 2024 மார்ச்சில் நம் சொந்த அம்கா விமானத்தின் உருவாக்கத்துக்கு அமைச்சரவைக் குழு ஒதுக்கியது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். டாலரில் இருநூறு கோடிக்கும் குறைவு. இரண்டும் ஒரே அளவுள்ள வேலைகள் அல்ல என்றாலும், கற்றுக்கொள்வதற்கு மட்டும் ரஷ்யத் திட்டத்தின் விலையைக் கொடுப்பதை நியாயப்படுத்த முடியாது.

பெங்களூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956இல் இங்கே வந்து வடிவமைத்த எச்.எஃப்-24 மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17இல் பறந்தது. அதன் உடல் ஒலியின் வேகத்தைவிட வெகு விரைவாகப் பறக்க வரையப்பட்டது. அதற்கென நினைத்திருந்த மேம்பட்ட ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பிரிட்டன் கைவிட்டது. அதன் உருவாக்கத்துக்கு நிதி தர இந்தியாவும் முன்வரவில்லை. எகிப்தின் எஞ்சினைப் பொருத்தும் முயற்சியும் பலிக்கவில்லை. விளைவு: வலுக்குறைந்த ஆர்ஃபியஸ் 703இலேயே 147 விமானங்கள் கட்டப்பட்டன. அதற்கு வலுக்கூட்டும் முயற்சியின்போதுதான் தலைமைச் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் உயிரிழந்தார். அங்கே உடல் நம்முடையது, எஞ்சின் பிறருடையது. அடுத்து, பெங்களூரின் எஞ்சின் ஆய்வகமான ஜி.டி.ஆர்.ஈ. 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சின். 81 கிலோநியூட்டன் இலக்கை அது எட்டவில்லை. உயர்வானச் சூழலைத் தரையில் உருவாக்கிச் சோதிக்கும் கூடம்கூட நம்மிடம் இல்லாததால் அது ரஷ்யாவுக்குப் போய்வர வேண்டியிருந்தது. 2008இல் தேஜஸ் போர் விமானத் திட்டத்திலிருந்து அது பிரிக்கப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் ஒற்றைப் படிக உலோக டர்பைன் இதழ்களும், இத்தகைய சோதனைக்கூடங்களும் இல்லாமல் எஞ்சின் வடிவமைப்பு காகிதத்தில்தான் முடியும்.

2025 பிப்ரவரியில் எலகங்கா விமானக் கண்காட்சிக்கு, டி-50இலிருந்து உருவான சுகோய்-57 வந்தது. இந்தியாவிலேயே தயாரிக்கலாம் என்ற அழைப்பும் கூடவே வந்தது. விமானப்படையின் ஸ்குவாட்ரன் எண்ணிக்கை குறைந்துவரும் நிலையில் சில விமானங்களை வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. அதைக் கொள்முதல் என்றே சொல்ல வேண்டும். கூட்டு உருவாக்கம் என்ற பெயரில் மீண்டும் கணக்கெழுதினால் 2010ஐத் திரும்பச் செய்கிறோம் என்று பொருள்.

உண்மையான சோதனை அம்காவை வடிவமைக்கும் பெங்களூரின் ஏ.டி.ஏ. அலுவலகத்தில் நடக்கிறது. அம்காவின் முதல் வகை 98 கிலோநியூட்டன் ஜி.இ. 414 எஞ்சினில் பறக்கும். இரண்டாம் வகைக்கு 110 முதல் 120 கிலோநியூட்டன் தரும் எஞ்சினைப் பிரான்சின் சாஃப்ரானோடு உருவாக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். இம்முறை நாம் வெற்றுத்தாளிலேயே நுழைகிறோம். எஞ்சினின் வெப்பப் பகுதி யாருடைய சொத்து, அதைப் பின்னாளில் திருத்தும் உரிமை ஜி.டி.ஆர்.ஈ.க்கு உண்டா என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தாக வேண்டும். அதற்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வலுக்கூடிய எஞ்சின் அதிகக் காற்றைக் கேட்கும். காற்றுக் குழாயின் வாய் அகலமும் வளைவும் முதல் வகையிலேயே அதற்கு இடம் விட்டு வரையப்பட வேண்டும். இன்னும் பிறக்காத எஞ்சினுக்காக, கட்டப்படவிருக்கும் ஐந்து மாதிரி விமானங்களிலும் அந்த இடம் இருக்கிறதா என்பதைத்தான் நாடாளுமன்ற நிலைக்குழு முதலில் கேட்க வேண்டும்.