பிரிட்டிஷ் சாப்பாடு எண்டு பேர் வைக்கிறது ஆர்?

லண்டனில் நொட்டிங் ஹில் என்ற பகுதியில் ‘கோர்’ என்று ஒரு உணவகம் இருக்கிறது. அங்கே ஆகப் பேர்போன சாப்பாடு ஒரு உருளைக்கிழங்கு. பகிடி இல்லை, உண்மையாகவே ஒரேயொரு கிழங்கு. கடற்பாசியோடு மெதுவாக வேகவைத்து, மேலே மீன்முட்டைகளை அடுக்கி, வெண்ணெய்ச் சாறு ஊற்றித் தருவார்கள். அதைச் சமைக்கும் கிளெயர் ஸ்மைத் வட அயர்லாந்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவர். கிழங்கும் கடற்பாசியும் அவருடைய ஊர்ச் சாப்பாடு. 2017இல் திறந்த அந்தக் கடைக்கு 2021இல் மூன்றாவது மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அதுக்கு மேல நட்சத்திரம் இல்லை. முழுச் சாப்பாடு சாப்பிட ஆளுக்கு 200 பவுண்ஸுக்கு மேலே போகும். நாங்கள் போய்ச் சாப்பிட்டதில்லை. காசும் இல்லை, விசாவும் இல்லை.

இந்த மாதிரிச் சமையலை ‘நவீன பிரிட்டிஷ்’ என்கிறார்கள். வரலாறு படிக்கிற ஆக்கள் என்பதால் எங்களுக்கு ருசியை விட அந்தப் பெயரில்தான் கண். ஏனென்றால் ஒரு காலத்தில் ‘பிரிட்டிஷ் ரெஸ்ரோரண்ட்’ என்றால் அது முற்றிலும் வேறு சாமான்.

இரண்டாம் உலகப்போர் நேரம். 1940 ஜனவரியில் பேக்கன், வெண்ணெய், சீனி என்று பங்கீடு தொடங்கியது. (கூப்பன் என்றால் என்னவென்று எங்கட அம்மம்மாமாருக்கு ஒருத்தரும் விளக்கத் தேவையில்லை.) குண்டுவீச்சில் வீடு போனவர்களுக்கும், வேலைத்தளத்தில் கன்ரீன் இல்லாதவர்களுக்கும் அரசாங்கம் பொதுச் சமையற்கூடங்களைத் திறந்தது. தேவாலய மண்டபம், பள்ளிக்கூடம், கிடைத்த இடமெல்லாம். முதலில் வைத்த பெயர் ‘சமுதாய உணவளிப்பு நிலையம்’. பிரதமர் சேர்ச்சிலுக்கு அது துப்பரவாகப் பிடிக்கவில்லை. கேட்டால் கம்யூனிசமும் அனாதை மடமும் ஞாபகம் வருகிறது என்று உணவு அமைச்சர் வூல்ட்டன் பிரபுவுக்கு எழுதினார். 1941இல் அவர் சொன்ன பெயர்தான் ‘பிரிட்டிஷ் ரெஸ்ரோரண்ட்’. ஒரு நேரச் சாப்பாடு அதிகபட்சம் ஒன்பது பென்ஸ். கூப்பன் வெட்டமாட்டார்கள். இறைச்சி, இரண்டு மரக்கறி, ஒரு புடிங். 1943 அளவில் நாடு முழுக்க 2000க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன.

ஆக, அந்த இரண்டு சொல்லும் முதன்முதலில் ஒன்றாக அரச முத்திரையோடு வந்தபோது குறித்தது மலிவான, எல்லாருக்கும் பொதுவான, வரிசையில் நின்று வாங்குகிற சாப்பாட்டை. ருசி பற்றி ஒருவரும் பெருமையாகக் கதைக்கவில்லை. பங்கீடு 1954 ஜூலை வரைக்கும் இழுபட்டது. போர் முடிந்து ஒன்பது வருசம்! ஒரு தலைமுறைக்கே நல்ல சாப்பாடு என்றால் என்னவென்று மறந்துபோச்சு என்று சொல்வார்கள். ரேமண்ட் போஸ்ட்கேற் என்ற சோசலிசப் பத்திரிகையாளர் எரிச்சல் தாங்காமல் 1951இல் ‘குட் ஃபூட் கைட்’ என்ற வழிகாட்டியைத் தொடங்கினார். அதற்கு முதல் வருசம் எலிசபெத் டேவிட் மத்தியதரைக்கடல் சமையல் பற்றி எழுதிய புத்தகம் வந்திருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒலிவ் எண்ணெய் வேண்டுமென்றால் மருந்துக்கடைக்குத்தான் போகவேண்டும், காதுக்கு விடுகிற எண்ணெயாக.

சரி, நொட்டிங் ஹில்லுக்கு வருவம். இன்றைக்கு அது கோடீஸ்வரர்களின் இடம். 1999இல் வந்த படத்தால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். 1950களில் போயிருந்தால் அந்த வெள்ளைத் தூண் வைத்த மாடிவீடுகளுக்குள்ளே அறைக்கு அறை ஒரு குடும்பம் அடைந்து கிடப்பதைப் பார்த்திருக்கலாம். கரிபியனில் இருந்து வந்தவர்களுக்கு வேறு இடங்களில் வீடு கொடுக்கமாட்டார்கள். கொடுத்த ஆட்களில் ஒருவர் பீட்டர் ரக்மன். ஓட்டை வீட்டுக்கு அநியாய வாடகை வாங்குவதற்கு ஆங்கில அகராதியில் இன்றைக்கும் அவருடைய பெயர்தான் சொல்.

1958 ஓகஸ்ட் கடைசியில் வெள்ளைக்கார இளைஞர் கூட்டங்கள் அங்கே கறுப்பின மக்களின் வீடுகளைத் தாக்கின. செப்டம்பர் தொடக்கம் வரை கலவரம் நீண்டது. அடுத்த வருசம் மே மாதம் அன்டிகுவாவில் இருந்து வந்த கெல்சோ கொக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளி அதே பகுதியில் தெருவில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

1958 என்றதும் உங்களுக்கும் வேறு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். அந்த வருசம் மே மாதம் இங்கே தமிழர்களுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு, கொழும்பில் வங்கி வேலையை விட்டுக் கப்பலேறினவர்களில் ஒருவர் அ. சிவானந்தன். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் வந்திறங்கிய இடம் நொட்டிங் ஹில், கலவரத்துக்கு நடுவில். ஒரே வருசத்தில் இரண்டு கலவரம். பிறகு ஒரு நூலகத்தில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலையில் தொடங்கி, இன உறவுகள் நிறுவகத்தின் நூலகராகி, 1970களில் அதன் இயக்குநராகி, பிரித்தானியாவில் நிறவெறி பற்றி எழுதியவர்களில் தவிர்க்கமுடியாத ஆளானார். ‘வென் மெமரி டைஸ்’ நாவலால் எங்களில் கனபேருக்கு அவரைத் தெரியும். நொட்டிங் ஹில் சிவானந்தனையும் சேர்த்துத்தான் உருவாக்கியது என்பது அவ்வளவாகக் கதைக்கப்படுவதில்லை.

அந்த நொட்டிங் ஹில்லில், 1968 மார்ச்சில், ஓல் செயின்ற்ஸ் ரோட்டில் எட்டாம் இலக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தது. பெயர் மங்ரோவ். நடத்தியவர் டிரினிடாட்டில் இருந்து வந்த ஃப்ராங்க் கிரிச்லோ. கரிபியன் சாப்பாடு, இரவிரவாகத் திறந்திருக்கும். வேலை தேடுகிறவன், வீட்டுக்காரனோடு பிரச்சினைப்படுகிறவள், சட்ட உதவி வேண்டியவர் எல்லாருக்கும் அதுதான் கந்தோர் மாதிரி. பொப் மார்லி, நினா சிமோன், வனெசா ரெட்கிரேவ் எல்லாம் வந்துபோன இடம்.

பொலிஸும் வந்தது. 1969 ஜனவரியிலிருந்து 1970 ஜூலைக்குள் பன்னிரண்டு தடவை சோதனை. போதைப்பொருள் என்று சொல்லித்தான் வந்தார்கள், ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நகரசபை இராத்திரி நேர அனுமதியையும் பறித்தது. ஒரு சாப்பாட்டுக்கடைக்கு இராத்திரி யாவாரம் போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். 1970 ஓகஸ்ட் 9ஆம் திகதி ஏறத்தாழ 150 பேர் பொலிஸ் நிலையங்களை நோக்கி ஊர்வலம் போனார்கள். அவர்களை விடப் பொலிஸ் கூட. கைகலப்பு, கைது. கிரிச்லோ உட்பட ஒன்பது பேர்மீது கலகம் தூண்டிய குற்றச்சாட்டு.

வழக்கு ஓல்ட் பெய்லியில் 55 நாள் நடந்தது. டார்கஸ் ஹவ், அல்தியா ஜோன்ஸ்-லெகொயின்ற் இருவரும் சட்டத்தரணி இல்லாமல் தாங்களே வாதாடினார்கள். தங்களைப் போன்றவர்களே யூரிகளாக இருக்கவேண்டும் என்று மக்னா கார்ட்டாவைக் காட்டிக் கேட்டார்கள். பிரித்தானியர் ஆகப் பெருமைப்படுகிற பத்திரத்தை எடுத்து அவர்களுக்கே வாசித்துக் காட்டின மாதிரி. நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1971 டிசம்பரில் ஒன்பது பேரும் கலகக் குற்றச்சாட்டில் இருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஐந்து பேருக்கு எந்தக் குற்றமும் இல்லை. இரண்டு பக்கத்திலும் இனவெறுப்புக்குச் சான்று இருப்பதாக நீதிபதி சொன்னார். லண்டன் பொலிஸில் இனவெறுப்பு இருக்கிறது என்று ஒரு நீதிமன்றம் வாய்திறந்தது அதுதான் முதல் தடவை. கிரிச்லோவை அதோடு விட்டார்களா என்றால், இல்லை. 1988இல் திரும்பவும் போதைப்பொருள் வழக்கு, திரும்பவும் விடுதலை, 1992இல் பொலிஸ் 50,000 பவுண்ஸ் நட்டஈடு கட்டியது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் கடையும் மூடுப்பட்டுவிட்டது. ஸ்டீவ் மக்குயின் 2020இல் எடுத்த ‘மங்ரோவ்’ படம் இந்தக் கதைதான். பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள்.

இதற்கிடையில் நொட்டிங் ஹில் கேற் நிலையத்துக்குக் கிட்ட 1987இல் இன்னொரு கடை திறந்தது. கென்சிங்டன் பிளேஸ். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஒரே சத்தம், மேசைவிரிப்பு கிடையாது. சமையல் ரௌலி லீ. அதே வருசம் செல்சியில் பிபென்டமும், வொன்ட்ஸ்வேர்த்தில் மார்க்கோ பியர் வைற்றின் ஹார்வேஸும் திறந்தன. தற்செயல் இல்லை. முந்தின வருசம் லண்டன் பங்குச்சந்தைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதில் ஒரு கூட்டத்தின் கையில் திடீர் காசு. வாடகை அறைகளாக இருந்த வீடுகள் திரும்பவும் முழுவீடுகளாகி விலைபோன காலமும் அதுதான். நவீன பிரிட்டிஷ் என்ற பெயர் இந்தக் கடைகளைச் சுற்றித்தான் ஓடத் தொடங்கியது.

கென்சிங்டன் பிளேஸில் எல்லாரும் கேட்டு வாங்கியது என்ன தெரியுமா? கொழுக்க வளர்த்த வாத்தின் ஈரல், சோளத் தோசை மாதிரி ஒன்றின் மேலே. ஈரல் பிரான்ஸ் வழக்கம், சோளம் அமெரிக்கா. பிறகு எங்கே பிரிட்டிஷ்?

எங்கட அபிப்பிராயத்தில் இந்த இயக்கத்தைச் சும்மா நக்கலடித்துவிட்டுப் போகமுடியாது. ஜேன் கிரிக்சன் 1974இல் இங்கிலாந்துச் சமையலைத் தேடித்தேடி எழுதினார். பேர்கஸ் ஹென்டர்சன் 1994இல் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ‘சென்ற் ஜோன்’ திறந்து, ஆடு மாட்டில் ஒன்றையும் எறியக்கூடாது என்று எலும்பு மச்சையையும் குடலையும் மேசைக்குக் கொண்டுவந்தார். பாபத் கறியோடு வளர்ந்த எங்களுக்கு அதில் புதினமில்லை, ஆனால் தங்கட ஏழைச் சாப்பாட்டைப் பார்த்து வெட்கப்பட்ட ஒரு நாட்டுக்கு அது பெரிய விசயம். உள்ளூர்க் கமக்காரனின் பெயரை மெனுவில் போடுகிற பழக்கமும் நல்லதுதான்.

எங்களுக்கு இடிக்கிறது வேறு இடத்தில். நவீன பிரிட்டிஷ் என்றால் மண் பிரித்தானியாவினுடையதாக இருந்தால் போதும், கை எந்த நாட்டினதாகவும் இருக்கலாம் என்பார்கள். சரி. மங்ரோவில் இருந்து பத்து நிமிசம்கூட நடக்கத் தேவையில்லாத தூரத்தில் 2005இல் திறந்த ‘லெட்பரி’யின் சமையற்காரர் பிரெட் கிரேஅம் அவுஸ்திரேலியர். 2024இல் அவருக்கும் மூன்றாவது நட்சத்திரம். பிரெஞ்சு முறை தெரிந்த அவுஸ்திரேலியரின் சமையல் சிரமமில்லாமல் பிரிட்டிஷ் ஆகலாம். உருளைக்கிழங்கே தென்னமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்தது, அதுவும் ஆகிவிட்டது. எங்கட மலையகத்துத் தேயிலை எப்பவோ ஆகிவிட்டது. அதே தெருக்களில் இருபது வருசத்துக்கு மேல சமைத்த கிரிச்லோவின் கடை கடைசிவரைக்கும் ‘கரிபியன்’. அவர் வந்தது பிரித்தானிய முடிக்குரிய தீவிலிருந்து, பிரித்தானியப் பிரசை என்ற உரிமையோடு. 2001இல் வெளிநாட்டமைச்சர் ரொபின் குக் சிக்கன் டிக்கா மசாலாதான் உண்மையான பிரித்தானியத் தேசிய உணவு என்று பேசினார். கைதட்டினார்கள். நவீன பிரிட்டிஷ் மெனுக்களில் அதைத் தேடிப்பாருங்கள்.

2011 ஓகஸ்ட்டில் லண்டன் எரிந்தபோது லெட்பரிக்குள்ளும் ஒரு கூட்டம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு புகுந்தது. குசினிக்காரர்கள் மா உருட்டுகிற கட்டையோடும் பொரிக்கிற கூடையோடும் ஓடிவந்து விரட்டினார்கள். சாப்பிட வந்தவர்களை வைன் நிலவறைக்குள் ஒளித்துவைத்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. கொண்டாடவேண்டியதுதான், துணிஞ்ச ஆக்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் வேறொரு சாப்பாட்டுக்கடைக்குள் பதினெட்டு மாதத்தில் பன்னிரண்டு தடவை புகுந்தது கூட்டம் இல்லை, பொலிஸ். அந்தக் கதையை ஞாபகப்படுத்திய செய்தி எங்கட கண்ணில் படவில்லை.

கோர் திறந்த 2017இலேயே, அதுக்குக் கொஞ்சம் முந்தி, ஜூன் 14ஆம் திகதி, அதே நகரசபைக்குள் கிரென்ஃபெல் மாடிக்குடியிருப்பு எரிந்து 72 பேர் செத்தார்கள். உயிர் தப்பிய குடும்பங்களை ஹொட்டல்களில் தங்கவைத்தார்கள். ஹொட்டல் அறையில் அடுப்பு இல்லை. பிள்ளைகளுக்குச் சமைக்க ஒரு இடம் வேண்டுமென்று பெண்கள் அல் மனார் பள்ளிவாசலின் சமையலறையைக் கேட்டு வாங்கினார்கள். பிறகு அயலவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். ஹப் சமுதாயச் சமையலறை என்று அதற்குப் பெயர். அவர்களுடைய சமையற் குறிப்புகள் 2018இல் புத்தகமாக வந்தன: ஈராக், மொரோக்கோ, எகிப்து என்று ஊர்ஊராக. அந்தப் பெண்கள் ‘சமுதாயம்’ என்ற சொல்லைத் தங்கட பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். சேர்ச்சில் மாற்றச் சொன்ன அதே சொல்.