துர்துக்: கோடு நகர்ந்த ஊர்



எல்லைக்கோட்டைப் பிசகாமல் வரையச் சொல்லி உங்களை எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். அந்தக் கோடே நகர்ந்துபோன ஓர் ஊரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

லடாக்கின் வடக்கே, காரகோரம் மலைகளுக்கு நடுவே, ஷியோக் ஆற்றங்கரையில் இருக்கிறது துர்துக். சுற்றிலும் மொட்டைப் பாறை. பனி உருகிவரும் ஓடையை வாய்க்காலில் திருப்பி பார்லி விதைக்கிறார்கள். ஆப்ரிகாட் பழத்தைக் குளிர்காலத்துக்கு உலர்த்துகிறார்கள். வெண்ணெயும் இறைச்சியும் கெடாமல் இருக்கக் கல்லால் கட்டிய குளிர் அறைகளும் உண்டு. பேசுவது பால்டி மொழி.

1947-48 போருக்குப் பின் இவ்வூர் பாகிஸ்தான் வசம் இருந்தது. 1971 டிசம்பர் போரில், நூப்ராவைச் சேர்ந்த மேஜர் செவாங் ரிஞ்சென் தலைமையிலான படை இதைக் கைப்பற்றியது. வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் போயிருந்தவர்கள் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். கணவன் அங்கே, மனைவி இங்கே. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. வெளியூர்ப் பயணிகளுக்கு ஊர் திறக்கப்பட்டது 2010இல்தான்.

ஷியோக் மட்டும் அனுமதி கேட்காமல் எல்லை தாண்டிப் போய்ச் சிந்துவில் கலக்கிறது.

ஆறுகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தேன். கரையில் இருக்கும் மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அந்தப் பாடத்தைத்தான் இப்போது நடத்துகிறேன். பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.