மின்சாரத்தின் துலாக்கோல்

மின்சாரம் நெல்லன்று, குதிரில் கொட்டிவைத்து வேண்டும்போது அள்ளிக்கொள்வதற்கு. கம்பியில் ஓடும் மின்சாரம் பிறந்த கணமே செலவாகிவிடல் வேண்டும். ஆக்கமும் செலவும் ஒத்திருக்கும்வரை இலங்கையின் மின்னோட்டம் வினாடிக்கு 50 அலைவுகளில் நிற்கும். செலவு மிஞ்சின் அவ்வெண் தாழும். ஆக்கம் மிஞ்சின் உயரும். அளவுகடந்து பிறழ்ந்தால் நாடே இருளும்.

இத்துலாக்கோலை நெடுங்காலம் தாங்கியது மலைநாட்டு நீரேயாகும். நீர்மின்சாரத்தின் பயனைப் பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்சபானா நிலையம் இயங்கியதோ 1950இல். பின்னர் மகாவலியின் முறை வந்தது. 1976இல் கண்டிக்கு அண்மையில் பொல்கொல்லை அணை எழுந்து, ஆற்றைச் சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்பியது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. உயரம் 122 மீற்றர். ஆற்றல் 210 மெகாவாற்று. அந்தி விளக்குகள் ஏற்றப்படும் வேளையில் அனல் நிலையமொன்று சூடேற மணிக்கணக்காகும். நீர்ச்சுழலிக்கோ சில நிமிடங்களே போதும். இவ்வசதிக்கு விலையும் இருந்தது. பழைய தெல்தெனியா நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கிற்று. மின்சாரத்தின் கணக்கு ஏடுகளில் இவ்விலை ஏறியதாகத் தெரியவில்லை.

இப்பொழுது கூரைகள்தோறும் சூரியத் தகடுகள் பெருகியுள்ளன. மடையைப்போல் வெயிலைத் திறந்துமூட ஒருவராலும் இயலாது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறொன்றால் தீவு முழுவதும் மின்சாரம் இழந்தது. குரங்கொன்றே காரணமென்று அமைச்சர் கூறினார். குரங்கின்மேல் முழுப் பழியையும் சுமத்துதல் முறையன்று. விடுமுறை நாளாதலால் தேவை குன்றியிருந்தது. சூரிய ஆக்கம் மிகுந்திருந்தது. அதிர்ச்சியைத் தாங்கவல்ல கனத்த சுழற்பொறிகள் சிலவே ஓடின. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டின்போது, பகலில் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டவும் நேர்ந்தது.

ஆக்கத்தை அடக்க இயலாவிடில் செலவையேனும் அசைக்கலாம் அன்றோ? கட்டடங்களுக்கு மென்பொருள் எழுதுவோர் தொடங்குவது இங்கேதான். இக்கலையின் வேர் பழையது. அமெரிக்காவில் வாரன் ஜோன்சன் என்னும் ஆசிரியர், வகுப்பறையின் வெப்பநிலை மாறியதும் நிலவறையிலுள்ள காவலாளுக்கு மணியடித்து உணர்த்தும் கருவிக்கு 1883இல் காப்புரிமை பெற்றார். இன்று அக்காவலாளின் இடத்தில் கணினி அமர்ந்திருக்கிறது. கண்டியிலுள்ள விடுதியொன்றை எண்ணுக. அதன் மேல்மாடித் தொட்டியை நண்பகலிலேயே நிரப்பிவிட்டால் அந்தியில் நீரேற்றிக்கு ஓய்வு தரலாம். அலைவெண் தாழும்போது குளிரூட்டியைச் சில நிமிடம் நிறுத்தினால் அறையிலிருப்பவர் உணரமாட்டார். நோயாளரின் உயிர்காக்கும் கருவியையோ ஒரு கணமும் தொடலாகாது. எதை நிறுத்தலாம், எதைத் தொடலாகாது என்னும் வரிசையை முன்னரே மனிதர் வகுத்தெழுத வேண்டும்.

வேறொரு சிக்கலும் உண்டு. நிறுத்திய குளிரூட்டிகள் யாவும் ஒரே நொடியில் மீண்டும் இயங்குமாயின், தணிந்த சுமை முன்னினும் பெரிதாய் எழும். ஆதலின் ஒவ்வொரு கட்டடமும் வெவ்வேறு நேரம் காத்திருந்து திரும்புமாறு மென்பொருளில் விதி எழுதுகின்றனர்.