இரு வரைபடங்களில் ஒளிந்திருந்த குழி

தோண்டாமலே நிலத்தடியை ஆராய இரு வழிகள் உண்டு. அடர்த்தி மிகுந்த பாறையின் மேல் புவியீர்ப்பு சிறிது கூடும்; நொறுங்கிய பாறையின் மேல் குறையும். இரும்புத் தாது கலந்த பாறை புவியின் காந்தப்புலத்தை மாற்றும். இவற்றுள் ஒன்று மட்டும் போதுமா?

மெக்சிகோவின் யுகதான் தீபகற்பத்தில் எண்ணெய் தேடிய பெமெக்ஸ் நிறுவனம், ஈர்ப்பு அளவீட்டில் விந்தையான மாறுதல் ஒன்றைக் கண்டது. 1950களில் அங்கே துளையிட்டபோது, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உருகி உறைந்த பாறை கிடைத்தது. எரிமலைப் பாறை என்று கருதினர். எண்ணெய் கிடைக்கவில்லை.

1978இல் கிளென் பென்ஃபீல்டு, கடலின் மேல் வானூர்தியிலிருந்து எடுத்த காந்த அளவீடுகளில் ஒரு வில் வடிவத்தைக் கண்டார். பழைய ஈர்ப்பு வரைபடத்தில், நிலப்பகுதியிலும் ஒரு வில் தெரிந்தது. இரண்டையும் பொருத்தியபோது வட்டமாயிற்று! 1981இல் அவரும் அந்தோனியோ கமார்கோவும், இது விண்கல் மோதிய குழியாகலாம் என்று அறிவித்தனர். அறிவியல் உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டில்தான், டைனோசர்கள் அழிந்ததற்கு விண்கல் மோதலே காரணம் என்று அல்வாரெஸ் குழுவினர் கூறியிருந்தனர். குழி எங்கே என்று பலரும் தேடிக்கொண்டிருந்தனர். பழைய துளைகளின் பாறை மாதிரிகளில் மோதலின் அதிர்ச்சியால் உருமாறிய குவார்ட்சு இருந்ததை, 1991இல் ஹில்டிபிராண்டும் பென்ஃபீல்டும் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்டனர். ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமுள்ள அக்குழியே சிக்சுலூப். வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள்.

ஒரே ஈர்ப்பு மாறுதலைப் பலவகைப் பாறை அமைப்புகள் உண்டாக்கக்கூடும். காந்த அளவீடு அவற்றுள் சிலவற்றை விலக்கும். இறுதித் தீர்ப்பு பாறைத் துண்டிடம் இருக்கிறது. ஆனால் அதையும் சரியான கேள்வியோடு பார்க்க வேண்டும்.