யோனா

எபிரேய விவிலியத்தின் பன்னிரு சிறு இறைவாக்கினருள் ஒருவர், அமித்தாயின் மகன். இவர் பெயரால் அமைந்த நூல் 4 அதிகாரங்கள் கொண்டது. அசீரியப் பெருநகரான நினிவேக்குச் சென்று எச்சரிக்குமாறு கடவுள் பணித்தார். இவரோ அதற்கு இணங்காமல் தப்பியோட எண்ணி, யோப்பா துறைமுகத்தில் கட்டணம் கொடுத்து, தர்சீசுக்குக் கப்பலேறினார். புயலில் மாலுமிகள் சரக்கைக் கடலில் எறிந்தபோது, அடித்தட்டில் அயர்ந்து உறங்கினார். ஆபத்து தம்மால் வந்ததென ஒப்புக்கொண்டதும் கடலில் எறியப்பட்டார். பெரிய மீனின் வயிற்றில் 3 நாள் இருந்து, மன்றாடிக் கரைசேர்ந்தார். பின்னர் நினிவேக்குச் சென்று இவர் எச்சரிக்க, அந்நகர் மனந்திரும்பியது, அழிவிலிருந்து தப்பியது. அதற்கும் சினந்த இவருக்கு, பட்டுப்போன செடியொன்றைக் காட்டிக் கடவுள் தம் இரக்கத்தை உணர்த்தினார். கால்கள் கீழ்ப்படிந்தால் போதாது, மனமும் இறைச்சித்தத்துக்கு இணங்க வேண்டும் என்பதே நூலின் உயிர்நாடி. யூதர்கள் இந்நூலை யோம் கிப்பூர் பிற்பகல் வழிபாட்டில் வாசிக்கின்றனர். குர்ஆன் இவரை யூனுஸ் என்கிறது.