லைன் வீட்டுத் தோட்டத்தின் வரலாறு

கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டபோது எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள் நான் என்பதால் இதுவும் என் தலையில் விழுந்தது. குழு ஆரம்பித்த கதையையும் வங்கிக் கடன் கதையையும் மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் எழுதுவது எங்கள் லைன் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி. இதெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்காதீர்கள். வருடா வருடம் மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்கப் போகிறோமே ஊட்டி தாவரவியல் பூங்கா, அதுவே காய்கறித் தோட்டமாக ஆரம்பித்ததுதான்.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்ற சீமைக் காய்கறிகளை இங்கே பயிரிடச் செய்தவர் அவர். அவருக்கு வெகு காலம் முன்பே ராகியும் சாமையும் கீரையும் விளைவித்து வாழ்ந்தவர்கள் படுகர் மக்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1840களில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் மலிவாகக் காய்கறி கிடைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்தார்கள். நாம் சந்தா போட்டுச் சேமிக்கிற மாதிரிதான்! 1848இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து மக்கைவர் என்பவர் வந்து அந்த இடத்தைப் பூங்காவாக மாற்றினார்.

இதுவரைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. எஸ்டேட் லைனுக்குப் பின்னால், கக்கூசுக்கும் ஓடைக்கும் நடுவில், நாலு பாத்தி போட்டவர்கள் யார் என்று புத்தகத்தில் இல்லை.

எங்கள் அம்மாயி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் அங்கிருந்த தோட்டத் தொழிலாளிகள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஐந்து தலை எங்கள் குடும்பம். 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் மலைக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு 1968இல் தேயிலை பயிரிடத் தொடங்கி, அது பின்னால் டான்டீ ஆனது. எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் வேலை. அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது.

அந்த வருஷங்களில் இலங்கையில் அரிசிக்கும் பாணுக்கும் பெரிய தட்டுப்பாடு. பாண் என்றால் ரொட்டி. விடியும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் வைத்த மரவள்ளியும் கீரையும்தான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று அம்மாயி சொல்லும். அதனால்தான் இங்கே வந்த மறுநாளே, பாத்திரம் பண்டம்கூட எடுத்து வைக்காமல், கடன் வாங்கின மண்வெட்டியோடு லைனுக்குப் பின்னால் போய்விட்டதாம். பக்கத்து வீட்டுக்காரம்மா, "சிலோன்காரம்மா, வந்ததும் வராததுமா என்ன தோண்டுற?" என்று கேட்க, "மரக்கறி போடத்தான்" என்றதாம். கறி என்று கேட்டு, ஆட்டைப் புதைக்கிறாளோ என்று அந்த அம்மா பயந்து போனதாம். அங்கே காய்கறிக்கு மரக்கறி என்று பெயர். சாகிற வரைக்கும் அம்மாயி அந்தச் சொல்லை விடவில்லை.

சரிவில் தோட்டம் போடுவது சமவெளியில் போடுகிற மாதிரி இல்லை. மேலிருந்து கீழாகப் பாத்தி இழுத்தால் ஒரே மழையில் மண் அத்தனையும் ஓடைக்குப் போய்விடும். குறுக்கே வெட்டி, கீழ் ஓரத்தில் கல் அடுக்கி, படிபடியாகப் போட வேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியால் வேலி. அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணி, ஃபேக்டரியில் வீணாகும் தேயிலைத் தூள் எல்லாம் எருக்குழிக்குப் போகும். ஆணியால் ஓட்டை போட்ட டால்டா டின்தான் பூவாளி. மேரக்காய்க்கு மட்டும் ஒரு பந்தல். அதற்கு விதை தனியாக எடுக்க முடியாது. முற்றின காயே முளை விடும், அப்படியே முழுசாகப் புதைக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் அதே கைவேலைதான். தேயிலை அனுப்புகிற பலகைப் பெட்டி உடைந்து வந்தால் தாத்தா கேட்டு வாங்கி வருவார். அந்தப் பலகையில்தான் எங்கள் வீட்டு அலமாரி, நான் படுத்த தொட்டில், ஒரு சின்ன மேசை. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து விதை டப்பாவுக்குள் வைப்பார்கள், ஈரம் ஏறாது. உரச்சாக்கைப் பிரித்துத் தைத்தால் மழைக்குக் கொங்காணி. அந்த மேசை இன்னும் இருக்கிறது. 2003இல் எங்கள் குழுவின் முதல் கணக்கை அதன் மேல் வைத்துத்தான் எழுதினோம். ஒரு கால் குட்டை, நாலாக மடித்த அட்டை கொடுத்தால் ஆடாது.

உருளைக்கிழங்கு எங்களை ஏமாற்றிய கதையையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருஷம் நன்றாக வந்தது. அப்புறம் செடி மஞ்சளாகி, குட்டையாகி, கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்தது. கண் பட்டுவிட்டது என்று அம்மாயி மிளகாய் சுற்றிப் போட்டது. உண்மையில் அது வேரில் ஒட்டும் நூற்புழு. 1961இலேயே ஊட்டிப் பக்கம் கண்டுபிடித்த பூச்சி. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குப் பொன் நிறத்தில் உருண்டை உருண்டையாகத் தெரியும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை, பல வருஷம் மண்ணுக்குள் சாகாமல் கிடக்கும். வழி ஒன்றுதான். உருளையை நிறுத்திவிட்டு கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். இந்த விவரத்தை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து ஹட்டியிலிருந்து பால் கொண்டு வந்த படுகர் பாட்டி. மிளகாயை விட இது வேலை செய்தது.

அம்மாவுக்கு எஸ்டேட்டில் நாள் முழுக்கக் கொழுந்து நிறுவைதான். எத்தனை கிலோ எடுத்தாலும் அது தராசுக்குப் போய்விடும், திரும்பப் பார்க்கக் கிடைக்காது. சாயங்காலம் வந்து கூடையை இறக்கிவிட்டு, டீகூடக் குடிக்காமல் பாத்தி ஓரம் உட்கார்ந்துவிடும். "இது நான் வச்சது, நான் பறிக்கிறது, என் பிள்ளை திங்குறது" என்று ஒரு தடவை சொன்னது. என் முதல் சேமிப்பு மாதம் 20 ரூபாயும் அம்மா லைனில் விற்ற கீரைக்கட்டுக் காசுதான்.

2009 நவம்பர் மழையை நம்மில் யாரும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் லைன் தப்பித்தது. மேல் பாத்தி இரண்டும் ஓடைக்குப் போய்விட்டன. அந்த வாரமே அம்மா கல் பொறுக்க ஆரம்பித்தது. ஓடையிலிருந்து தலைச்சுமையாக மண்ணைத் திருப்பிக் கொண்டு வந்து கொட்டியது. "போன மண்ணுதானே, நம்ம மண்ணுதானே" என்றது.

நம்ம மண் இல்லை என்பது 2016இல் தெரிந்தது. அம்மாவுக்கு 58 வயது முடிந்து வேலை ஓய்வு. வேலை இருந்தால்தான் லைன் வீடு. கிராச்சுட்டி கணக்கை முடிக்க வேண்டுமானால் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கச் சொன்னார்கள். 43 வருஷம் மண் போட்டுத் தூக்கின தோட்டத்துக்கு எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை. வீட்டுச் சாமான் ஒரே ஜீப்பில் ஏறிவிட்டது. அம்மா மட்டும் கடைசி வரை பாத்தியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சாக்கு நிறைய எருக்குழி மண்ணை அள்ளி, "இதையும் ஏத்து" என்றது. டிரைவர் முறைத்தார். ஏற்றினோம்.

குழுவில் உள்கடன் வாங்கி, கிராச்சுட்டியும் சேர்த்து, ஊருக்குள் ஒன்றரை சென்ட்டில் ஒரு வீடு வாங்கினோம். நிலம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மொட்டை மாடியில் உரச்சாக்கில் அந்த மண்ணை நிரப்பி கீரை, பீன்ஸ், கொத்தமல்லி போட்டது அம்மா. குரங்கு பாதி தின்னும். மிச்சம் எங்களுக்குப் போதும். குழுவில் ஒன்பது பேர் வீட்டு மாடியில் இப்போது சாக்குத் தோட்டம் இருக்கிறது, விதை எல்லாம் அம்மாவின் ஈயத்தாள் டப்பாவிலிருந்து போனதுதான்.

எங்கள் பழைய லைன் வீட்டில் இப்போது ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. போன ஐப்பசியில் அந்தப் பெண் விசாரித்து விசாரித்து எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வந்தாள், இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு பை. பை நிறைய மேரக்காய். அம்மாயி போட்ட பந்தலில் காய்த்தது. இதை எப்படிச் சமைக்கிறது என்று கேட்க வந்திருக்கிறாள் என்பது எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவளுக்குத் தமிழ் வராது, அம்மாவுக்கு இந்தி வராது. அம்மா அருவாமனையை எடுத்துப் போட்டு, ஒரு காயை நறுக்கி, கடலைப்பருப்பும் தேங்காயும் எடுத்துக் காட்டி, கூட்டு வைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பியது. போகும்போது அந்த முளைவிட்ட காய் ஒன்றைத் திருப்பி அவள் கையில் கொடுத்து, குழி எவ்வளவு ஆழம் என்று முழங்கையைத் தொட்டுக் காட்டியது.