டாக்டர் சொன்ன ஊர்ப் பேர்: டவுன் சிண்ட்ரோம் பற்றி ஒரு குடும்பக் குறிப்பு

எங்க அத்தை தவறினபிறகு கறம்பக்குடி வீட்டை ஒழுங்குபண்ணப் போயிருந்தேன். பரண்மேல ஒரு தகரப்பெட்டி. அதில் பட்டா நகல், நாலைந்து கல்யாணப் பத்திரிகை, அதுக்கும் அடியில் நாலா மடிச்ச ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. தேதி 1976. மருந்து எதுவும் எழுதலை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'மங்கோல்'.

அந்தச் சீட்டு எப்படி வந்ததுன்னு அத்தை சொல்லிக் கேட்டிருக்கேன். "கைப்புள்ளையா இருக்கையில பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம் தம்பி. டாக்டரு ஏதோ ஊர்ப் பேரு சொன்னாரு. மருந்து கிடையாதுன்னுட்டாரு." அவ்வளவுதான். அந்த ஊர்ப் பேர் என்னன்னு அத்தைக்குக் கடைசிவரை தெரியாது.

அத்தை மகன் என்னைவிட மூணு வயசு மூத்தவர். எனக்கு மச்சான். ஊரில் 'வெகுளிப் புள்ளை'ன்னு சொல்வாங்க. கடலை உரிக்க உட்கார்ந்தா எங்க யாரையும்விடப் பொறுமையா உரிப்பார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்னு பட்டுக்கோட்டை பஸ்ஸுக்கு விசில் கொடுப்பார். கண்டக்டர்களும் அதைக் கேட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பாங்க. 1996 ஐப்பசியில் இறந்தார். அப்போ அவருக்கு 20 வயசு.

அந்த ஒத்தை வார்த்தை எங்கிருந்து கறம்பக்குடிக்கு வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை.

ஒரு டாக்டரும் அவர் பேரனும்

முதலில் ஒண்ணு. டவுன் சிண்ட்ரோம்ல இருக்கிற 'டவுன்' என்பதுக்குக் 'கீழே'ன்னு அர்த்தம் இல்லை. அது ஒரு ஆளோட பேர். ஜான் லாங்டன் டவுன், இங்கிலாந்து டாக்டர். லண்டனுக்குத் தெற்கே ஏர்ல்ஸ்வுட் என்ற காப்பகத்துக்கு 1858லிருந்து பொறுப்பாளர். அங்கே இருந்தவர்களில் சிலருக்கு முகச்சாயல் ஒரே மாதிரி இருப்பதைக் கவனிச்சார். வேற வேற பெற்றோருக்குப் பிறந்தவங்க, பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்காங்க. 1866ல் இதைக் கட்டுரையா எழுதினார்.

கவனிச்சது சரி. கொடுத்த விளக்கம்தான் தப்பு. மனுஷங்களை இனம் இனமா அடுக்கிப் பார்த்த காலம் அது. ஐரோப்பியக் குழந்தை ஒண்ணு மங்கோலிய இனத்தின் சாயலுக்குப் 'பின்வாங்கி'ப் பிறந்திருக்குன்னு அவர் நினைச்சார். அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அடுத்த நூறு வருஷம் மருத்துவப் புத்தகங்களில் 'மங்கோலிசம்'னே இருந்தது.

அவரை வெறும் வில்லனா வைச்சு முடிச்சிட முடியாது. 1868ல் ஏர்ல்ஸ்வுட்டை விட்டு வெளியே வந்து, மனைவி மேரியோட சேர்ந்து நார்மன்ஸ்ஃபீல்ட் என்ற இல்லத்தை ஆரம்பிச்சார். 1879ல் அங்கே ஒரு நாடக அரங்கமே திறந்தாங்க. பூட்டி வைக்கிறதுதான் வழின்னு உலகம் இருந்தப்போ, இவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், கத்துப்பாங்கன்னு நம்பினவர்.

அவர் இறந்து ஒன்பது வருஷம் கழிச்சு, 1905ல், அவருக்கு ஒரு பேரன் பிறந்தான். அந்தக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்.

பேரனின் அப்பா ரெஜினால்டும் டாக்டர்தான். அப்பா சொன்ன இன விளக்கம் மேலோட்டமான ஒற்றுமையை வைத்துச் சொன்னதுன்னு மறுத்தார். 1961ல் 19 ஆராய்ச்சியாளர்கள் 'லான்செட்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க: இந்தப் பேரை விட்டுடுவோம், இது தப்பு, அவமானமும்கூட. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் டவுனின் இன்னொரு பேரன் நார்மன் லாங்டன் டவுன். 1965ல் மங்கோலியா நாடு கேட்டுக்கொண்டதன் பேரில் உலக சுகாதார நிறுவனமும் அந்தச் சொல்லைக் கைவிட்டது.

எங்க அத்தை வாங்கின சீட்டு 1976. பேரைக் கைவிட்டு 11 வருஷம் ஆகியும் அது அந்தச் சீட்டில் இருக்கு.

யார்மேலும் பழி இல்லை

காரணம் 1959லேயே தெரிஞ்சுபோச்சு. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆவது குரோமோசோமில் ஒரு நகல் கூடுதல். பிரான்ஸில் லெஜூன், மார்த் கோத்தியே, துர்ப்பேன் மூவர் பேரிலும் அந்தக் கட்டுரை வந்தது. செல் வளர்க்கும் வேலையை ஆய்வகத்தில் நடத்திக் காட்டிய கோத்தியேவுக்கு உரிய பேர் கிடைக்க அரை நூற்றாண்டு ஆச்சு.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னா, நகலெடுக்கும்போது ஒரு ஃபைல் ரெண்டு தடவை போயிடுச்சு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் சேர்ந்தே போயிடும். நூற்றுக்கு 95 பேருக்கு இப்படித் தற்செயலா நடப்பதுதான். மிச்சமுள்ளவர்களில் சிலருக்கு மட்டும் பெற்றோர்வழி வரலாம்.

ஒரு விஷயத்தை இங்கே சத்தமாவே சொல்லணும். அத்தையைத் தாய்மாமனுக்குத்தான் கட்டி வச்சாங்க. 'சொந்தத்துல கட்டினதுதான் காரணம்'னு பேச்சு. 'கிரகணத்தன்னைக்கு வெளிய போயிருப்பா'ன்னு இன்னொரு பேச்சு. சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்கள் வேறு இருக்கு, ஆனா இது அந்தக் கணக்கில் வராது. தாயின் வயசு கூடக் கூட வாய்ப்பு அதிகமாகும், அது உண்மை. 40 வயசில் சுமார் நூற்றில் ஒன்று. அத்தைக்கு அப்போ வயசு 24. காரணம் தெரிஞ்சு 17 வருஷம் ஆகியிருந்தும் 'உன்மேல தப்பு இல்லைம்மா'ன்னு அவங்களுக்கு ஒருத்தர்கூடச் சொல்லலை.

ஒன்பதிலிருந்து அறுபது

1929ல் மேலை நாடுகளில் இவங்களோட சராசரி ஆயுள் 9 வருஷம். அமெரிக்காவில் 1983ல்கூட 25தான். இப்போ அங்கே சுமார் 60. கூடுதல் குரோமோசோம் அதே இடத்தில்தான் இருக்கு, அதை எடுக்க மருந்து கிடையாது. அப்புறம் எப்படி ஆயுள் கூடுச்சு?

காப்பகங்களில் போட்டு வைக்கிறது நின்னது ஒரு காரணம். கிருமிக்கொல்லி மருந்துகள் இன்னொண்ணு. ரொம்ப முக்கியமானது இதய அறுவை சிகிச்சை. இந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இதயக் குறையோட பிறக்கிறாங்க. ஓட்டை பெருசா இருந்தா முதல் வருஷத்துக்குள்ளேயே சரிபண்ணியாகணும். விட்டா நுரையீரல் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போகும், அதுக்கப்புறம் அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் போயிடும்.

மச்சானுக்கு உதடும் நகமும் நீலமா இருக்கும். நாலு எட்டு வைச்சா மூச்சு வாங்கும், உட்கார்ந்துடுவார். 'அவன் உடம்பு வாகு அப்படி'ன்னு நாங்க விட்டுட்டோம். இப்போ படிக்கும்போதுதான் அது என்னவா இருந்திருக்கும்னு புரியுது. 2009ல் தமிழ்நாட்டில் கலைஞர் உயிர் காக்கும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழை வீட்டுக் குழந்தைக்கும் பெரிய அறுவை சிகிச்சை சாத்தியம்னு ஆச்சு. எங்க வீட்டுக்கு அது 13 வருஷம் லேட்.

மெட்ராஸில் ஒரு அம்மா, எங்க ஊரில் ஒரு ராந்தல்

அதே வருஷங்களில் சென்னையில் வேற ஒரு கதை நடந்திருக்கு. ஜெயச்சந்திரன், விமலா இருவரும் 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற அளவுகோலை உருவாக்கினாங்க. 18 துறைகள், 360 செயல்கள். புத்தி எவ்வளவுன்னு நம்பர் போடாமல், சட்டைப் பித்தானைப் போடத் தெரியுமா, காசு எண்ணத் தெரியுமா, அடுத்து எதைச் சொல்லித் தரலாம்னு கேட்கும் அளவுகோல் அது. நாட்டின் பல சிறப்புப் பள்ளிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

சுரேகா ராமச்சந்திரன் சென்னையில் ஒரு அம்மா. மகளுக்கு டவுன் சிண்ட்ரோம்னு தெரிஞ்சதும் தானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு, 1984ல் பெற்றோர்களைச் சேர்க்க ஆரம்பிச்சார். அதுதான் பின்னாடி டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. 2015 ஆகஸ்டில் உலக டவுன் சிண்ட்ரோம் மாநாடே சென்னையில் நடந்தது.

கறம்பக்குடிக்கு இது எதுவும் வந்து சேரலை. வந்தது ஒண்ணே ஒண்ணுதான். 1991ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் மாவட்டம் முழுக்க நடந்த அறிவொளி இயக்கம். பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டதை எல்லாரும் எழுதியிருக்காங்க. எனக்கு ஞாபகம் இருப்பது ராத்திரி ராந்தல் வெளிச்சத்து வகுப்பு. அத்தை போகும்போது மச்சானும் கூடவே போவார். அவருக்கு 15 வயசு, அதுவரை பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே இல்லை. அந்த வகுப்பில் யாரும் அவரைத் தனியா உட்கார வைக்கலை, அங்கே எல்லாருமே முதல் தடவை எழுதுறவங்கதானே. ஆறு மாசத்தில் தன் பேரில் முதல் ரெண்டு எழுத்தை எழுதிட்டார். அத்தையும் தமிழ் படிக்கக் கத்துக்கிட்டாங்க. ஆனா சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது.

சேர்த்துக்கொள்ளும் கல்வின்னு இன்னைக்கு எவ்வளவோ கருத்தரங்கு நடக்குது. நான் நேரில் பார்த்தது அந்த ராந்தல் வகுப்பு ஒண்ணுதான்.

சட்டம் வந்த தேதிகள்

1912ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் ஒண்ணு, இவங்களையும் மனநோயாளிகளையும் சேர்த்துப் 'பைத்தியம்'னு ஒரே சொல்லில் அடைச்சது. மச்சான் பிறந்தப்போ அதுதான் நடைமுறை. 1987ல் வந்த மனநலச் சட்டம் 'இவங்க மனநோயாளிகள் இல்லை'ன்னு சரியாவே பிரிச்சது. ஆனா அப்போ இவங்க யாருங்கிற கேள்விக்கு 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில்தான் பதில் வந்தது. அது அமலுக்கு வந்த நாள் 1996 பிப்ரவரி 7. அதே வருஷம் ஐப்பசியில் மச்சான் இல்லை.

அதுக்கப்புறம் வந்ததில் முக்கியமானது 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதுக்குப் பின்னால் இருந்தது பெற்றோர் சங்கங்களின் குரல். 18 வயசு தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு மூலமா நியமிக்கலாம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுத்த படி. பாதுகாவலர் எல்லாத்தையும் தானே முடிவு பண்ணக்கூடாது, அந்த நபரின் விருப்பத்தைக் கேட்டுச் சேர்ந்து முடிவெடுக்கணும்னு அது சொல்லுது. 6 முதல் 18 வயசு வரை பக்கத்துப் பள்ளியில் இலவசமாப் படிக்கும் உரிமையும், அரசு வேலையில் இடஒதுக்கீடும் அதில் இருக்கு.

அத்தையின் கேள்வி

இவ்வளவும் படிச்சப்புறம் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. பேரை மாத்தச் சொன்ன கையெழுத்துகளில் டவுன் வீட்டுப் பேரனுடையதும் இருக்கு. சென்னையில் சங்கம் ஆரம்பிச்சது ஒரு அம்மா. சட்டம் கேட்டது பெற்றோர். விஷயம் தெரிஞ்ச வீடுகள்தான் இந்த வரலாற்றை நகர்த்தியிருக்கு. எங்க வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை, ஒரு தகவல்தான் வந்து சேரலை.

மச்சான் இறந்த பதினாறாம் நாள் அத்தை சொன்னது இது: "எனக்கு முந்தி அவன் போயிட்டான், அதுவே நிம்மதி. எனக்கப்புறம் யாரு பார்ப்பா?" அப்போ எனக்கு 17 வயசு, கேட்டுட்டு வெளியே போயிட்டேன். பெத்த தாய் தன் பிள்ளை தனக்கு முன்னால் போனதை நிம்மதின்னு சொன்னாங்கன்னா, அவங்களுக்கு நாங்க பதில் வைக்கலைன்னுதான் அர்த்தம்.

இன்னைக்குப் பிறக்கும் குழந்தை 60 வயசு வரை இருக்கும். அப்பா அம்மா இருக்க மாட்டாங்க. கூடப் பிறந்தவங்க, அத்தை பிள்ளை, மாமா பிள்ளைன்னு நம்ம மாதிரி ஆட்கள்தான் இருப்போம். எனக்குச் சொந்தத்தில் அப்படி ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. ரெண்டு மாசத்திலேயே இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்த்தாச்சு. இப்போ பள்ளிக்கூடம் போறா. அவளுக்கு 18 ஆகும்போது பாதுகாவலர் மனுவில் அவ அப்பா அம்மா பேருக்குப் பக்கத்தில் என் பேரையும் போடச் சொல்லியிருக்கேன். அவளுக்குச் சம்மதமான்னு அவகிட்டயும் கேட்கணும்.